எழுத்துக்கு மூவாயிரம்

ஆறு எழுத்து. எழுத்துக்கு மூவாயிரம்.
புள்ளிக்குத் தனிக் காசு கேட்டேன்.
மனேஜர் துவாரகன் சிரித்தான்:
"புள்ளியும் எழுத்தோட சேர்ந்ததுதானே அண்ணை."

க, ள், ள, த், தோ, ணி.
நூற்றைம்பத்தைந்தாம் கட்டையில், ஏ ஒன்பது வீதியோரம்,
சித்திரை வெயிலில் ஏணியில் நின்று
ஒவ்வொன்றாய்த் திருகினேன். உள்ளே சிவப்பு எல்ஈடி.
முறிகண்டி தாண்டி வரும்போதே தெரிய வேண்டுமாம்.

பிறகு படம். பத்தடிக்குப் பன்னிரண்டு.
ஒரு தோணி, தோணியில் ஒரு மனிதன்,
கரியிலும் கறுப்பு, பல் மட்டும் வெள்ளை,
முதுகில் கொழுந்துக் கூடை, மடியில் தப்பு,
கோவணத்தைக் கவ்வியபடி ஒரு நண்டு.
கீழே: கள்ளமாய் வா, வயிறாரப் போ!
கொழுந்துக் கூடையைக் கடலுக்குக் கொண்டுபோனவர்
எந்தத் தோட்டத்தில் இருந்தார் தெரியவில்லை.
தேயிலையைக் கோப்பையில் மட்டும் கண்ட கை வரைந்தது.

கொழும்பில் ஒன்று, நல்லூரில் ஒன்று, ஸ்கார்பரோவில் மூன்று.
இது ஆறாவது கிளை.

துவாரகன் கெட்டவன் இல்லை. கூலியை அன்றைக்கே தருவான்.
"பகிடி அண்ணை. நாங்களும் கப்பலில ஓடினனாங்கள்தானே.
வசவை எடுத்துத் தொப்பியாப் போட்டால் வசவு செத்திடும்."
யாருடைய வசவு, யாருடைய தலை என்று
கேட்க வாய் வரவில்லை.
கீழே ஏணியைப் பிடித்திருந்தது அவனுடைய ஆள்.

"நீங்கள் எந்த இடம்?"
பாரதிபுரம்.
"அதுக்கு முந்தி?"
பிறந்ததே அங்கேதான்.
"இல்லை, அதுக்கு முந்தி?"

அதுக்கு முந்தி, காத்தமுத்து என்று என் அப்பா,
எழுபத்தேழில் எரிந்த லயத்தை விட்டு
லொறியில் இந்தக் காட்டுக்கு வந்தார்.
அவருக்கும் முந்தியவர் இடுப்பில் தகர வில்லையோடு
தலைமன்னாரில் இறங்கினார்.
தலைக்கொரு வில்லை, வில்லைக்கொரு எண்.
கள்ளமாய் வர அதில் இடமே இருக்கவில்லை.

மாத்தளன் மணலில் ஒரே பங்கருக்குள் ஒன்பது பேர்.
அங்கே ஒருவரும் "அதுக்கு முந்தி" கேட்கவில்லை.

தங்கை மகள் சுகிர்தமலர் அந்தக் கடையில் பில் போட்டாள்.
டீசேர்ட்டின் நெஞ்சில் அந்தச் சொல்.
வீட்டுப் படலை வரைக்கும் பையை மார்போடு
அணைத்துக்கொண்டே வருவாள்.
"என்னம்மா எழுதியிருக்கு?" என்று அப்பா கேட்டார்.
"கடைப் பேரு தாத்தா."
அவருக்கு வாசிக்கத் தெரியும்.

மாரி தொடங்க முதல் சனிக்கிழமை
ஐம்பது பேர் மட்டையோடு வீதியில் நின்றார்கள்.
முன்வரிசை ஹாட்வெயார் முதலாளி என்னைக் கண்டு,
"வாரும் தம்பி, உங்கட ஆக்களுக்காகத்தான்" என்றார்.
உங்கட ஆக்கள்.
அவர் வீட்டுக்கு மின்குமிழ் பூட்டப் போன நாளில்
மகனுக்குச் சம்பந்தம் பேசிய தரகரிடம்
"எல்லாம் சரி, தோட்டப் பக்கம் மட்டும் வேண்டாம்" என்றவர்.
நானும் ஒரு மட்டை வாங்கிப் பிடித்தேன்.
வேறென்ன செய்ய.

ஸ்கார்பரோவிலிருந்து இரண்டு வரி வந்தது:
யாராவது புண்பட்டிருந்தால்.
படம் இறங்கியது. முதல் மூன்று எழுத்தையும் கழற்றச் சொன்னார்கள்.
கழற்ற எழுத்துக்கு எண்ணூறு.
"அந்த 'த்' என்ன செய்யிறது?"
"ஓடர் மூண்டுக்குத்தான் அண்ணை வந்திருக்கு."

அதனால் இப்போது அங்கே நிற்பது
த்தோணி.
மெய் முதலில் வராது என்று ஆறாம் வகுப்பில்
சுவரில்லாத பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருக்கிறேன்.
கழற்றிய இடத்தில் ஒன்பது துளை.
வெயில் படாத பலகை
அந்த மூன்று எழுத்தையும் இன்னும் வடிவாகச் சொல்கிறது.

நேற்று வவுனியாவிலிருந்து கடைசி பஸ்.
முந்தியெல்லாம் கட்டையின் எண்ணைத்தான் கூப்பிடுவான்.
நேற்று கொண்டக்டர் பொடியன் கதவில் தொங்கியபடி,
"கள்ளத்தோணி இறக்கம் இருக்கா? கள்ளத்தோணி?"
ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, இடத்தின் பேர்.
திருகாணிப் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன்.
"இருக்கு" என்றேன்.